கொஞ்சம் எரியும்

காலை 11.20. பித்தப்பையை எடுத்துவிட்டு வார்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய தையற்காரி, விழித்ததும் தண்ணீர் கேட்கவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லவில்லை.

"நான் தூங்கவே இல்ல," என்றாள். "தொண்டைக்குள்ள குழாயைத் திணிச்சது முழுக்கத் தெரிஞ்சுது. கத்தணும்னு பாத்தேன், ஒரு விரலைக்கூட அசைக்க முடியல. யாரோ காதுகிட்ட வந்து, 'கெட்டி உடம்பு, தாங்கும்'னு கிசுகிசுத்தாங்க."

மயக்கத்தில் கண்ட கனவு என்று எல்லோரும் சிரித்தார்கள். அறுவை செய்த பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்களை மூடி ஒட்டியிருந்த பிளாஸ்திரி கண்ணீரில் ஊறிக் கழன்றிருந்ததை அவர் பார்த்திருந்தார். மருந்துக் குப்பியையும் ஊசிக்குழலையும் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பூட்டிவைத்தார். பிறகு போலீசுக்குப் போன் செய்தார்.

மூன்றாம் நாள் காலை 10.05. இன்ஸ்பெக்டர் அம்மாள் பதினான்கு வருடமாகப் பிணங்களைப் பார்த்தவள். ஆனாலும் ஆய்வுக்கூட அறிக்கையை நம்ப முடியாமல் இரண்டு முறை படித்தாள்.

குப்பியில் ஒட்டியிருந்தது உண்மையான புரபோஃபால். பால்போல் வெள்ளையான தூக்க மருந்து அது. ஏற்றிய அரை நிமிடத்தில் நினைவு போய்விடும். ஊசிக்குழலில் இருந்ததோ, வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியே ஏற்றும் கொழுப்புக் கரைசல். அதுவும் பால்போல் வெள்ளைதான், ஆனால் அதில் தூக்கம் வராது. அதற்கடுத்துப் போட்ட, தசைகளையெல்லாம் கட்டிப்போடும் மருந்து மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. மயக்க வாயு ஏறி நினைவு போகும்வரை, ஐந்து நிமிடம், அந்தப் பெண் தன் உடம்புக்குள்ளேயே உயிரோடு புதைந்து கிடந்திருக்கிறாள்.

முதலில் நர்ஸ் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"குப்பியிலேர்ந்து மருந்தை எடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"யார் பாத்தா?"

"மயக்க டாக்டர் பக்கத்துலயே நின்னார். எடுத்துத் தட்டுல வெச்சுட்டு, அந்த அக்கா கையில பிரஷர் பட்டை கட்டத் திரும்பினேன். ஊசி போட்டது டாக்டர்தான்."

"மதியம் அவர் எங்க இருப்பார்?"

"ஓய்வறையில. பத்து நிமிஷம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்குவார். மேடம், சாயங்காலம் என்னை வேலையை விட்டு நிறுத்தப்போறாங்க. இந்தப் பேர் வந்துட்டா, எந்த ஆஸ்பத்திரியும் என்னைப் படியேத்தாது."

10.40. மயக்க டாக்டரின் நெற்றியில் ஊதா நிறத்தில் ஒரு வீக்கம். குரல் மட்டும் வெண்ணெய்.

"பாவம், சின்னப் பொண்ணு. என்ன நெருக்கடியோ, திருடிட்டா. என் கைக்கு வந்ததை நான் போட்டேன்."

"அது வேற மருந்துன்னு தெரியலையா?"

"ரெண்டும் வெள்ளை. எப்படித் தெரியும்?"

"நாடி எகிறியிருக்குமே?"

"குழாய் போட்டா யாருக்கும் எகிறும்."

"நெத்தியில என்ன?"

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சு."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு வார்டுகளுக்கு நடந்தாள். அந்த வாரம் அவர் கையால் மயங்கியவர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாள்: ஊசி போடும்போது எப்படி இருந்தது?

தனி அறையில் இருந்த வக்கீல் முகத்தைச் சுளித்தார். "கை தகதகன்னு எரிஞ்சுது. ஆனா, 'கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோங்க'ன்னு அவர் முன்னாடியே சொல்லிட்டார்." அடுத்த அறை டீச்சரும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னாள். அவர் எல்லோரிடமும் சொல்கிற வாசகம் அது.

இலவச வார்டில் தையற்காரி யோசித்தாள். "அப்படி ஒண்ணும் சொல்லலியே. எரியவும் இல்ல."

கடைசிக் கட்டிலில் ஒரு காவலாளிக் கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "என்கிட்டயும் சொல்லல," என்றார் திரும்பாமலே. "குழாய் போட்டது எனக்கும் தெரியும்மா. சொன்னா பைத்தியம்னு சொல்லுவாங்கன்னு வாயைத் திறக்கல."

இன்ஸ்பெக்டர் வராந்தாக் குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

12.10. பெரிய டாக்டர் அறையில் அவரும் மயக்க டாக்டரும் நர்ஸும் காத்திருந்தார்கள்.

"புரபோஃபால் ஏறும்போது எரியும்," என்றாள் இன்ஸ்பெக்டர். "அதனாலதான் டாக்டர் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லுவார். ரெண்டு பேருக்கு மட்டும் சொல்லல. நர்ஸ் மருந்தை மாத்தியிருந்தா, அது இவருக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாதவர் வழக்கம்போல எரியும்னுதான் சொல்லியிருப்பார். எரியாதுன்னு தெரிஞ்ச ஆள்தான் சொல்லாம விடுவார்."

மயக்க டாக்டர் சிரிக்கப் பார்த்தார். "மறந்திருப்பேன்."

"ரெண்டு தடவை, ரெண்டும் இலவச வார்டுல மட்டும் மறந்தீங்களா? நர்ஸ் திரும்பின நேரத்துல, பையிலிருந்த ஊசியை எடுத்துத் தட்டுல இருந்ததோட மாத்தினீங்க. இப்ப உங்க ஓய்வறை அலமாரியைத் திறந்து பாத்துட்டுத்தான் வர்றேன். கொழுப்புக் கரைசல் புட்டி, உபயோகிச்ச ஊசிகள். கதவு நெத்தியை இடிக்கல, டாக்டர். திருடின தூக்க மருந்தை உங்களுக்கே போட்டுக்கிட்டு, ஊசியை எடுக்கறதுக்குள்ள மேசை மேல குப்புற விழுந்திருக்கீங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடமாக மூன்று நாள் துடித்த நர்ஸ், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எட்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல," என்றார் மயக்க டாக்டர். வெண்ணெய் வடிந்துபோயிருந்தது. "ஒரு குப்பி ஒரு நோயாளிக்குத்தான், மேல கிடைக்காது. நான் யாரையும் கொல்லலியே? எல்லாரும் எழுந்தாங்க. அவங்கல்லாம் உழைச்ச உடம்பு, தாங்கும். தனி அறைக்காரங்கன்னா கேள்வி கேப்பாங்க."

தாங்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும், இந்த ஆளோடு ஒரே காற்றைச் சுவாசிப்பதே அருவருப்பாக இருந்தது இன்ஸ்பெக்டருக்கு. பசிக்குத் திருடியவனைப் பார்த்திருக்கிறாள், ஆத்திரத்தில் வெட்டியவனையும் பார்த்திருக்கிறாள். ஏழையின் தூக்கத்தைப் பிடுங்கித் தான் தூங்கியவனை இன்றுதான் பார்க்கிறாள். வேலியே பயிரை மேய்வதை எத்தனையோ வழக்கில் எழுதியாயிற்று. இந்த வேலி, பயிர் கதறாமலிருக்க முதலில் வாயைக் கட்டியிருக்கிறது.

"போம்மா," என்றாள் நர்ஸிடம். "அந்த அக்கா மூணு நாளா கண்ணை மூடப் பயந்துக்கிட்டிருக்கா. பக்கத்துல போய் உக்காரு."

12.45. ரத்தப் பரிசோதனைக்கு ஆய்வுக்கூடக்காரர் வந்தார். மயக்க டாக்டரின் சட்டைக்கையைச் சுருட்டினார். உள்ளே ஊசித் தடங்கள் வரிசையாகக் கறுத்துக் கிடந்தன. ஊசி அருகே வந்ததும் டாக்டர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அந்த மணிக்கட்டை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"கொஞ்சம் எரியும், டாக்டர்," என்றாள். "பொறுத்துக்கோங்க."