மாடியில் துவைத்தால் கீழே பொங்கும்

"சாயங்காலம் எங்க அண்ணன் என்னைக் கூட்டிட்டுப் போக வந்துடுவார். அதுக்குள்ள, நான் குழாயில துணி போடலைன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்." பிளம்பர் கடை வாசலில் நின்றபடியே அந்த மருமகள் அழுதாள். மாடியில் அவள் வாஷிங் மெஷின் போட்டால் போதும், கீழே பாத்ரூமில் சாக்கடை பொங்குகிறது. புருஷன் கப்பல் வேலையில். மாமனாரோ, கந்தையைப் போட்டு வீட்டையே நாறடித்தவள் பிறந்த வீட்டுக்கே போகட்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

பிளம்பருக்கு அவசரம் என்பதே கிடையாது. கூட வேலை பார்க்கும் மச்சானுக்கோ அதைத் தவிர வேறெதுவும் கிடையாது. "கந்தைதான் அத்தான், சந்தேகமே இல்லை" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் வீட்டில் மாடிக் கழிவுக் குழாய்களில் தண்ணீர் ஜோராக வடிந்தது. கீழேதான் எல்லாம் மந்தம். சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் கழிப்பறை களகளவென்றது. வெளியே, எல்லாக் கழிவுக் குழாய்களும் வந்து சேரும் சேம்பர் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. பிளம்பர் அதிலிருந்து செப்டிக் டேங்க் பக்கம் நீளக் கம்பியை விட்டார். தங்குதடையின்றிக் கடைசிவரை போய்த் திரும்பியது. ஒரு நூல்கூட ஒட்டவில்லை.

"டேங்க் மூடி எங்கே ஐயா?"

"எங்கேயோ மண்ணுக்குள்ள இருக்கும்" என்றார் மாமனார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

பின்பக்க அறையில் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அந்த அறையின் தரை மட்டும் ஒரு படி உயரம் என்பது, கால் தடுக்கியபோதுதான் மச்சானுக்குத் தெரிந்தது.

அண்ணன் வந்ததும் எல்லாரும் கூடத்தில் கூடினார்கள்.

"ஒரு குழாய்ல துணி அடைச்சா அது மட்டும்தான் நிக்கும்" என்றார் பிளம்பர். "இங்க கீழ்த்தளமே மக்கர் பண்ணுது."

"பொதுக் குழாய்ல சிக்கியிருந்தா?" என்றான் மச்சான்.

"அதுக்குத்தானே கம்பி விட்டேன்? குழாய் சுத்தம். செப்டிக் டேங்க்தான் ரொம்பி வழியுது. போக இடமில்லாத மாடித் தண்ணி, தாழ்வான வாய் வழியாப் பொங்குது. இந்தப் பொண்ணு மேல தப்பே இல்லை."

"அப்போ டேங்கை அள்ளிட்டாப் போச்சு!" மச்சான் குதித்தான்.

"எப்படி? வெயில்ல எல்லாம் காஞ்சு கிடக்கு, பின் ரூம் சுவரோரம் மட்டும் புல் பச்சைப்பசேல்னு இருக்கு. டேங்க் மேலேயே ரூம் கட்டியிருக்கீங்க ஐயா. மூடி அம்மா கட்டிலுக்கு அடியில."

கிழவர் உடைந்துபோனார். "படியேற முடியலைன்னு அவளுக்காகத்தான் கட்டினேன். இப்போ டாக்டர் கையை விரிச்சுட்டார், அசைக்கவே கூடாதுங்கிறார். தரையை எப்படி உடைக்கிறது? மாடியில ஆள் இல்லைன்னா தண்ணி குறையும், அவ காலம் வரைக்கும் தாங்கும்னு நினைச்சேன்."

அடப்பாவி மனுஷா! மச்சான் பிளம்பர் பக்கம் திரும்பினான். "தாங்குமா அத்தான்?"

"யார் போனாலும் தாங்காது. கட்டில்காலடியில இப்பவே கசியுது."

"போகாதேம்மா" என்றார் கிழவர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா! துணியை எங்கேயாவது கொண்டுபோய்த் துவைச்சிருப்பேனே. வீட்டையே நாறடிச்சவள்னு தெருவுக்கே சொன்னீங்களே!" அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். கேஸ் ஜெயித்தால் அவள் சிரிப்பாள் என்றுதான் மச்சான் நினைத்திருந்தான்.

வாசலில் அண்ணனின் வண்டி அவளோடு கிளம்பியது.

"அம்மாடி, கொஞ்சம் தண்ணி கொடேன்" என்று அறைக்குள்ளிருந்து மாமியார் மருமகளைக் கூப்பிட்டாள்.

"இதோ வர்றா" என்றார் கிழவர்.