வீட்டில் வசிப்போர்: நான்கு

வெண்ணெய் உருகியிருந்தது.

டிசம்பர் மாதத்தில், வட இங்கிலாந்தின் பர்ன்லியில், கல்வீட்டுச் சமையலறையில், மேசைமேல் வைத்த வெண்ணெய் கத்திக்கு மசியாமல் ரொட்டியைக் கிழித்துக்கொண்டு வருவதுதான் வழக்கம். பெவர்லி ஓர்மரோட் அறுபத்தோரு வருஷமாக அப்படித்தான் ரொட்டி தின்றிருக்கிறாள். இந்த வீட்டில் அது தட்டு நிறைய மஞ்சள் குட்டையாகக் கிடந்தது. வீட்டைச் சூடாக்கும் பாய்லரை அவள் பதினோரு நாளாகத் தொடவே இல்லை. அப்படியும் வீடு சுட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அவளுக்கோ, மூன்று கம்பளிச் சட்டை போட்டும் பல் கிட்டியது.

வீடு தம்பி கிளைவுடையது. அதே தெருவில் அவனுக்கு ஐந்து வீடு. கிளைவ் எதையும் சும்மா கொடுத்ததாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை; சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது அக்காள் உரித்துக் கொடுத்த ஆரஞ்சில் பாதியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு விற்றவன். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியது அவள்தான். அக்டோபரில் அவள் குடியிருந்த இடத்தை யாருக்கோ விற்றுவிட்டார்கள். "கடைசி வீடு சும்மாதான் கிடக்கு பெவ், வந்து இரு" என்று அவனே தேடி வந்து சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடுதான் அவன் நீட்டிய படிவத்தில் கையெழுத்தும் போட்டாள்.

சூடு தங்காத வீடுகளைச் சீர்செய்து தரும் அரசாங்கத் திட்டத்தின் படிவம் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்து உண்டு; ஏ சிறந்தது, ஜி மோசமானது. எழுத்து மோசமென்றால் வாடகைக்கு விடக் கூடாது. சொந்தக்காரர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும், உள்ளே இருப்பவர் உதவித்தொகையில் வாழ்கிற ஏழையாக இருந்தால் போதும், வேலை இலவசம். கிளைவுக்கு ஓர் ஏழை தேவைப்பட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் அக்காள் இருந்தாள். இது அவளுக்கு விளங்கக் குடியேறி ஒரு வாரம் ஆயிற்று. வலித்தது. அவனுக்கும் ஆதாயம், தனக்கும் ஒரு கூரை என்று விழுங்கிக்கொண்டாள்.

ஆட்கள் வந்து கல் சுவர்களின் உட்புறம் முழுக்கப் பலகை அடித்தார்கள். கல்லுக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. புதுக் கதவு போட்டார்கள். பூட்டியே வைக்கிற புது ஜன்னல்கள் போட்டார்கள். அன்றோடு தெருவின் பேருந்துச் சத்தம், மழைச் சத்தம், எதிர்வீட்டு நாயின் குரைப்பு எல்லாம் யாரோ மூடி போட்டது போல நின்றுபோய், அந்த அமைதிக்குள்ளிருந்து வேறு சத்தங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன: பலகைக்குப் பின்னால் முரட்டுத் துணி உரசுவது போல ஒன்று, தூக்கத்தில் புரண்டு படுப்பவர் விடும் பெருமூச்சு போல ஒன்று. ஈரக் கம்பளியும் காலையில் திறந்த வாயும் கலந்த வாடை மாடிப்படி வரை நின்றது. சுவரில் கை வைத்தால், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைத்தது போலிருந்தது. கையை எடுத்தால் விரல்கள் வெளுத்து மரத்திருந்தன.

கிளைவ் ஞாயிறுதோறும் பொரித்த மீன் பொட்டலத்தோடு வருவான். வாசற்படியைத் தாண்ட மாட்டான்.

"உள்ள வாடா, டீ குடிச்சிட்டுப் போ."

"ஷூவெல்லாம் சேறு, பெவ். உன் தரையை அழுக்காக்கினா நீ அடிப்ப."

"என் தரையா? எப்படா எழுதி வச்ச?"

அவன் சிரித்தான். பார்வை அவளைத் தாண்டி முன்னறைச் சுவருக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"எனக்குக் குளிருதுடா, கிளைவ். எலும்புக்குள்ள."

"அடுப்பு மாதிரி இருக்கு வீடு. உனக்கு வயசாகுது. புதன்கிழமை பரிசோதகர் வர்றார், அது வரைக்கும் எங்கயும் போயிடாத. ஆள் உள்ள இருக்கணும். அதான் அவங்களுக்கு முக்கியம்."

புதன்கிழமை மூன்றரை மணிக்கு வந்த பரிசோதகர் ஓர் இளைஞன்; கதவு திறந்ததும் வாயைப் பிளந்தான்.

"மிஸ்? நீங்க கஸ்டர்ட் மிஸ்தானே?"

இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறியவள் அவள். "வாஜித் மாலிக். மூணாவது கரண்டி ஊத்தாம வரிசையை விட்டு நகர மாட்ட."

"அதான் மிஸ், இன்னும் இந்த வயிறு கரையல."

பல வாரங்களில் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவன் முன்னறைக்கு வந்து கைக்கணினியைத் தட்டிப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. "இந்த வீட்டுக்கு ஏற்கெனவே நாலு சான்றிதழ் இருக்கு, மிஸ். முதல்ல ஜி. அப்புறம் எஃப், ஈ, டி. ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்து ஏறியிருக்கு. ஆனா செஞ்ச வேலைன்னு ஒண்ணுமே பதிவாகல. ஒவ்வொரு ஏத்தத்துக்கும் குடியிருந்தவர் மட்டும் வேற வேற ஆள்."

"அந்த மூணு பேரும் எங்க இப்ப?"

"காலி பண்ணினதா வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கவே இல்லையே." அவள் கையெழுத்திட்ட படிவத்தைத் திருப்பிக் காட்டினான். "இதுல பாருங்க, வீட்டில் வசிப்போர் எத்தனை பேர்னு கேட்டதுக்கு நாலுன்னு போட்டிருக்கார்."

"நான் ஒருத்திதான் இருக்கேன்."

"தலையைக் கூட்டிக் காட்டுனா சலுகை கிடைக்கும்னு நினைச்சிருப்பார். வீட்டுக்காரங்க வழக்கமா பண்றதுதான்."

அவன் பையிலிருந்து துப்பாக்கி போன்ற ஒரு கேமராவை எடுத்தான். சூடு ஆரஞ்சாகத் தெரியும், குளிர் நீலமாகத் தெரியும், பலகை சரியாக அடித்திருக்கிறார்களா என்று இதில் பார்த்துவிடலாம் என்றான். பேசிக்கொண்டே சுவரை நோக்கித் திருப்பினான். பேச்சு பாதியில் நின்றது. திரையின் ஆரஞ்சு வெளிச்சம் அவன் முகத்தில் அசைந்தது. அவன் அசையவில்லை.

"என்னப்பா?"

"வேன்ல கேமரா ஸ்டாண்டு இருக்கு, மிஸ். எடுத்துட்டு வந்துடறேன்." கேமராவைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் போனான்.

அவள் ஜன்னலருகே போய் நின்றாள். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தெருவிளக்கடியில், வேனுக்குப் பக்கத்தில், கிளைவ் நின்றிருந்தான். ரொம்ப நேரமாக நிற்பவன் போல. வாஜித் வீட்டைக் காட்டிக் காட்டி எதையோ சொன்னான். கண்ணாடியின் இந்தப் பக்கம் ஒரு சொல்கூட வரவில்லை. கிளைவ் அவன் தோளில் கை போட்டான். பேரம் படியும் நேரத்தில் வியாபாரிகள் குரலைத் தாழ்த்துவார்களே, அப்படிக் குனிந்து ஏதோ சொன்னான். வாஜித் தலையை ஆட்டி மறுத்தான். மறுபடி மறுத்தான். பிறகு சும்மா நின்றான். பிறகு தன் கைக்கணினியை எடுத்து, விரலால் கையெழுத்திட்டான்.

ஜன்னல் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. வேன் கிளம்பிப் போயிற்று.

அவள் கதவுக்கு ஓடினாள். கைப்பிடி சுழன்றது. கதவு வரவில்லை. வெளியே பூட்டிலிருந்து சாவியை உருவும் சத்தம்.

கடிதம் போடும் துவாரத்தில் காற்றுப் புகாமல் வைத்திருந்த தூரிகை மயிர் விலகியது. அதன் வழியே தம்பியின் குரல்.

"பெவ். சி வந்திருச்சு."

"கதவைத் திறடா."

உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

"கிளைவ், உன்னை நான் வளர்த்தேன்டா."

"தெரியும்." தொண்டையைச் செருமினான். "அதனாலதான் உன்னைக் கடைசியா வச்சேன்."

தூரிகை மூடிக்கொண்டது.

அவள் முன்னறைக்குத் திரும்பினாள். கால் பாரமாக இருந்தது. முழங்கால் வரை உணர்வில்லை. உரசல் சத்தம் இப்போது ஒளிந்து கேட்கவில்லை. பக்கத்தில் கேட்டது. சுவர் நெடுகிலும்.

கேமராவை எடுத்தாள்.

முதலில் அவள் கை தெரிந்தது. நீலம். நகம் வரை நீலம்.

உயர்த்தினாள்.

சுவர் முழுக்க ஆரஞ்சு. அதற்குள் இன்னும் அடர்த்தியாக, மூன்று உருவம். நின்றுகொண்டு. நாலு விரல் இடைவெளிக்குள். உள்ளங்கைகளைப் பலகையில் பதித்து. முகங்கள் அவளை நோக்கி.

மூச்சை அடக்கினாள். அவை அடக்கவில்லை.

நடுவில் நின்றது மெல்ல நகர்ந்தது. பேருந்தில் புதிதாக ஏறியவருக்கு இடம் விட்டு ஒதுங்குவது போல. அதற்கடுத்தது எதிர்ப்பக்கம் நகர்ந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம். நீலமாக. அவள் தோள் அகலத்துக்கு.