மலையில் விட்ட பேர்

மலை நிழல் வாசலை விட்டு விலகி வெகுநேரமாகியும், சரசுவின் புருஷன் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் வெயில் விழவில்லை.

அடி அண்ணாமலையில் பொழுதே மலையைக் கேட்டுத்தான் விடியும். கிழக்கே டவுனுக்கெல்லாம் வெளிச்சம் காட்டிவிட்டு, சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து நிதானமாக எட்டிப் பார்க்கும். அதற்கப்புறம்தான் மல்லாட்டைக் கடலையைக் காயப் போடுவார்கள். சரசுவும் முறத்தோடு வந்து நின்றாள். சுற்றிலும் மண் சுட்டது. அவன் காலடியில் மட்டும் சில்லென்ற ஈரம், பாறை இடுக்கில் அழுகிய புல்லின் வாடை.

அவளுக்குப் பயம்கூட வரவில்லை. மரத்துப்போன கையைக் கிள்ளினால் தெரியாதே, மனசு அப்படி இருந்தது.

எப்போதும் பக்கத்து வீட்டு ராஜம்மாளோடு விறகுக்குப் போகிறவள், முந்தாநாள்தான் புருஷனோடு மலை ஏறினாள். மார்கழி மூட்டம் எதிரே நின்ற ஆளையே மறைத்தது. கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "இன்னாங்க, வாங்க, எறங்கலாம்" என்று குரல் கொடுத்தாள். "வர்றேன்" என்று பின்னால் கேட்டது. அடிவாரம்வரை காலடிச் சத்தமும் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்தவன் அதற்குப்பிறகு பேசவில்லை. சோறு போட்டால் தின்றான். மெல்லும்போது கல்லோடு கல் உரசியது.

வேலியோரம் நின்று அவனையே பார்த்த ராஜம்மாள், சரசுவைத் தனியே இழுத்துப் போனாள்.

"ஏன்டி, எறங்கறப்போ பேர் சொல்லிக் கூப்ட்டியா?"

"கட்டினவரு பேரை எப்படிக்கா சொல்றது?"

"அடிப்பாவி! விறகுக்குப் போனா பேர் சொல்லித்தானே கூட்டிக்கினு எறங்குவோம்? சும்மா வாங்கன்னா எது வேணா வரும்டி."

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று, தாலி ஏறிய அன்றே அவள் காதில் ஓதியிருந்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வாள்.

"இப்போ கூப்ட்டா வருவாராக்கா?"

"பொழுது சாயறதுக்குள்ள கூப்பிடு. வந்தா வரட்டும்."

சாயங்காலம். அவன் உள்ளே சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான். சரசு வாசலில் மலையைப் பார்த்து நின்றாள். ஆயுசு குறைந்தாலும் ஆள் வந்தால் போதும் என்று, கல்யாணமாகி முதல்முறையாக அந்தப் பேரைச் சொன்னாள்.

"முருகையா!"

எதிர் வீட்டு டிரான்சிஸ்டர் கரகரத்து நின்றது.

மலைமேலிருந்து குரல் வந்தது. அவள் புருஷன் குரலேதான்.

"சரசு... ரெண்டு நாளா கத்திக்கினு கெடக்கறேன். எங்க இருக்கற?"

உள்ளே மெல்லும் சத்தம் நின்றது.

உட்கார்ந்திருந்தது எழுந்தது. வாசலுக்கு வந்தது. ஈரம் சொட்ட அவளை உரசிக்கொண்டு தாண்டியது. மலையைப் பார்த்து வாய் திறந்தது.

"அங்கயே இருங்க. நான் வர்றேன்."

அதன் வாயில் சரசுவின் குரல்.

"சீக்கிரம் வா, சரசு" என்றது மலை மேலிருந்த குரல்.

அது மலையை நோக்கி நடந்தது. மேற்கு வெயில் தெரு முழுக்க அடித்தது. அவள் நின்ற இடத்தில் மட்டும் வெயில் விழவில்லை. கால் சில்லிட்டது.

போகாதே என்று கத்த வாயைத் திறந்தாள். அவள் குரல் அவளிடம் இல்லை.

கல்லோடு கல் உரசியது.