பூட்டிய கோப்பில் காலி நாற்காலிகள்

"திருடன் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டாப் போதும்," என்றார் நாடக அரங்கின் முதலாளி. அவர் பார்வை போன இடத்தில் மனைவியின் தம்பி நின்றிருந்தான்.

கணினிக் கோளாறுகளைத் துப்பறிவதே பிழைப்பாகக் கொண்டவருக்கு, அவர் பொறுமையைப் பார்த்து, நிதானம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய கூட்டாளி பட்டாசு, முன்னாள் வீட்டுத் தரகர், முகத்தைப் பார்த்தே விலை சொல்லிப் பழகியவர். மைத்துனன் முழிப்பதைப் பார்த்ததுமே மனசுக்குள் வழக்கை முடித்துவிட்டார்.

அரங்கில் இரண்டு டிக்கெட் கவுன்டர்கள். ஒன்றில் முதலாளி, மற்றதில் மைத்துனன். டிக்கெட் போடும் கணினி நிரல், அதாவது ஸ்கிரிப்ட், கவுன்டருக்கு ஒன்றாக இரண்டு ஓடினாலும், விற்ற இருக்கைகளைக் குறித்து வைக்கும் கோப்பு ஒன்றுதான். ஒன்று அதில் வேலை செய்யும்போது மற்றது காத்திருக்கப் பூட்டும் உண்டு. அப்படியும் கூட்டம் நெருக்கும்போது முதலாளியின் திரையில் அரங்கமே காலி என்று காட்டும். அவர் விற்றுத் தள்ளுவார். பிறகு ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். மைத்துனன் லீவு போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே அவன்தான் பதிவை அழித்துக் காசைச் சுருட்டுகிறான் என்று, இன்றோடு அவனை அனுப்பிவிடுவதாக முதலாளி முடிவெடுத்திருந்தார். தம்பி போனால் தானும் போவதாக அவர் மனைவி பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.

இதைச் சொல்லிக்கொண்டே முதலாளி எழுந்து, காட்சி நேரத்தை மாற்றுவதற்காகச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைப் பரபரவென்று துடைத்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார். மைத்துனன் அந்தப் பேனாவால் ஒரு அட்டைக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தான்.

"இருங்க அத்தான், முடிச்சிட்டுத் தரேன்."

முதலாளி காத்து நின்றார். அப்போது உள்ளே நுழைந்த ஒரு தம்பதி பலகையைப் பார்த்து, இன்றைக்கு நாடகம் இல்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

நிதானத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. இரண்டு ஸ்கிரிப்டையும் திறந்து பார்த்துவிட்டு, மைத்துனனின் கவுன்டரில் ஓடுவதை எழுதியது யார் என்று கேட்டார். வெளியாளோடு பேரம் படியாததால் தானே எழுதியதாகவும், பூட்டெல்லாம் பக்காவாகப் போட்டிருப்பதாகவும் முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

"பூட்டுல குத்தமே இல்லைங்க. பேனா மாதிரிதான் அது, கையில வெச்சிருக்கிறவர்தான் எழுதலாம். ஆனா நீங்க பேனா கிடைக்கிறதுக்கு முன்னாடியே பலகையைத் துடைச்சிட்டீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"தம்பி கவுன்டருக்கு நீங்க எழுதின ஸ்கிரிப்ட், கோப்பைப் புதுசா எழுதறதுக்குன்னு திறக்குது. அப்படித் திறந்தாலே உள்ளே இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். பூட்டை அப்புறமாத்தான் கேக்குது. பூட்டு உங்க கவுன்டர் கையில இருந்தா, இது காத்துக்கிட்டு நிக்கும். அந்த நேரம் பார்த்து உங்க கவுன்டர் கோப்பைப் படிச்சா என்ன தெரியும்?"

"வெறும் பலகை," என்றார் பட்டாசு, தன்னையறியாமல். "தம்பி லீவு போட்டா துடைக்கவே ஆள் இல்ல." மனசுக்குள் முடித்த வழக்கை அவரே ஓசைப்படாமல் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

கோப்பை அழிக்காமல் திறக்க வேண்டும், பூட்டு கைக்கு வந்தபின் படித்து, துடைத்து, எழுத வேண்டும், எழுதி முடித்த பிறகே பூட்டை விட வேண்டும் என்று சொல்லி, நிதானம் சில வரிகளை இடம் மாற்றிக் கொடுத்தார்.

மைத்துனன் பேனாவை நீட்டினான். முதலாளி வாங்கவில்லை.

"நீயே எழுது மச்சான். அப்படியே உங்க அக்காவுக்கு ஒரு போன் போட்டு..."

"அதை நீங்கதான் பேசணும், அத்தான்."

முதலாளி போனை எடுத்தார். அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகப் பதிவு செய்த குரல் ஒலித்தது. அவர் நிதானத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"காத்திருங்க," என்றார் நிதானம், பையை எடுத்துக்கொண்டே. "அதுக்குள்ள எதையும் துடைச்சிடாதீங்க."