தோத்தேயின் முதல் மிடறு

செத்தவர்களுக்காகத் தரையில் மது ஊற்றும் பழக்கம் ஒழிந்தால் நம் நாடு பத்தே ஆண்டில் வல்லரசாகிவிடும் என்பது இன்ஸ்பெக்டர் வான்ஸேயின் தீர்மானமான முடிவு. மத்திய ஆப்பிரிக்காவின் பாங்கி நகரத்து மதுக்கடைகளில் எவராவது முதல் மிடறைத் தரையில் சிந்தினால் எழுந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவார். இதை ஆயுள் முழுக்கச் சிரித்தபடி கேட்டவர் நண்பர் தோத்தே ஒருவர்தான்.

காலை ஏழு மணிக்கு அந்தத் தோத்தே தன் வீட்டு முன்னறை நாற்காலியில் பிணமாகக் கிடந்தார். வெளியே விடாத மழை. மேசையில் ஒரு தம்ளர். பக்கத்தில், அந்நிய வல்லரசு ஒன்றின் தூதரகம் பரிசாக அனுப்பிய இனிப்பு ஒயின் புட்டி. இரண்டிலும் பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து நாற்றம்.

அந்த வல்லரசோடு வைர ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர் தோத்தே. நாளை கையெழுத்து. இனி அது நடக்காது என்று ஊரே முடிவுகட்டி, புட்டி கொண்டுவந்த தூதரக ஓட்டுநர் யாங்காவைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி வாசலில் நின்றது. முதலில் கல் எடுத்தவர் மறுகையில் குடை பிடித்திருந்தார்.

“வேன கவுத்துடுவாங்க சார்,” என்றாள் சார்ஜென்ட் ஜோசியான்.

போலீஸ் வேனுக்குள் யாங்கா அழுதான். “வாசல்லயே குடுத்துட்டுப் போயிட்டேன் சார். உள்ள காலே வைக்கல.”

காவலாளியும் அதையே சொன்னான். புட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் தோத்தேயின் உதவியாளர் செரெகோ. அதன் பிறகு வேறு யாரும் வரவில்லை.

வான்ஸே செரெகோவை அழைத்தார்.

“எப்ப வந்தீங்க?”

“நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு.”

“குடிச்சீங்களா?”

“உக்காரவே இல்லண்ணே. புட்டிய வச்சிட்டு ஓடிட்டேன். முத்திரைகூட உடையல. தூதரகத்துக்காரங்க வேலதான், வேற என்ன?”

வான்ஸே தரையைப் பார்த்தார். தோத்தேயின் காலடியில் பிசுபிசுவென்று ஒரு கறை. எதிர் நாற்காலியின் முன்னாலும் ஒன்று. இரண்டிலும் எறும்புக் கூட்டம்.

“ஜோசியான், எறும்பு என்ன பண்ணுது?”

“விருந்து சாப்பிடுது சார்.”

“பருத்தி மருந்து பட்டிருந்தா செத்துக் கெடக்கணுமே. அப்ப, தரையில ஊத்துறப்ப ஒயின் சுத்தம். புட்டி சுத்தமாத்தான் வந்திருக்கு. தோத்தே ஊத்திட்டு, தம்ளர வச்சிட்டு, கண்ண மூடி ஏழு தலைமுறை பேரும் சொல்லுவான். ஒரு பேரும் விடமாட்டான், பாவி. அந்த நேரத்துல தம்ளர்ல மருந்து விழுந்திருக்கு. புட்டிக்குள்ள அப்புறமாத்தான் ஊத்தியிருக்காங்க.” திரும்பினார். “செரெகோ, எதிர்ல உக்காந்து ஊத்தினது யாரு?”

செரெகோ எதிர் நாற்காலியிலிருந்து ஓர் அடி விலகி நின்றார்.

“உங்க தம்ளரக் கழுவி வச்சீங்க. தரைய மறந்துட்டீங்க. கொல்ல வந்த எடத்துலயுமாய்யா?”

“கை தானாப் போயிடுச்சு,” என்றார் செரெகோ, கறையைப் பார்த்தபடி. “எங்கப்பாவுக்குத் தாகமா இருக்குமே.” பிறகு மெல்ல, “ஒப்பந்தம் வந்தா எங்க குடும்பச் சுரங்கம் போயிடும்ணே.”

யாங்கா வீட்டுக்குப் போனான். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

மாலையில் வான்ஸே வழக்கமான கடையில், வழக்கமான மேசையில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலி. பக்கத்து மேசைக்காரர் முதல் மிடறைத் தரையில் சிந்திவிட்டு, திட்டு வாங்கத் தயாராக அவரைப் பார்த்தார்.

வான்ஸே அவரைக் கவனிக்கவில்லை. ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்திருந்தார். கையில் தம்ளர் இருந்தது. நிமிர்ந்தபோது அதில் ஒரு மிடறு குறைந்திருந்தது, கண் மூடியிருந்தது. உதடு ஒரே ஒரு பெயரைச் சொன்னது.