பொள்ளி சுற்றிப் போன இடம்

இல்லாத ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனது நாய்.

ஹரிணாக்ஷி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கண்ணும் பால் ஊற்றியது போல வெளுத்துப்போன நாய் நேராகவா நடக்கும்? கூடத்திலிருந்து ஜன்னல் அறைக்குள் வரும். சுவரில் மீசை உரச, முறிந்து கோணலாய்ச் சேர்ந்த பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். ஜன்னலடிக்கு வந்ததும் நின்று, தலையைத் தாழ்த்தி, அரைவட்டமாக விலகிப் போய், அந்தப் பக்கத்தில் சுவரைத் தேடும். அங்கே விலகிப்போக எதுவுமே இல்லை. சிவப்புச் சிமென்ட் தரையும், எந்தக் காலத்திலோ ஒரு நாற்காலி கிடந்ததற்கு அடையாளமாய் மங்கிய நாலு வட்டங்களும்தான். ஜன்னலுக்கு வெளியே மங்களூரில் ஆட்டி என்று சொல்லும் ஆடி மாத மழை நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது.

விலகினால் விலகட்டும் என்று விட்டுவிடவும் முடியவில்லை. விலகுகிற அந்த நேரத்தில் நாய்க்குத் திசை தப்பிவிடும். அறையின் மறுகோடியில் இருக்கும் பின்கட்டுக் கதவைத் தேடிப் போன நாய் அரிசி டப்பா மூலையில் போய் நிற்கும். அப்புறம் அங்கேயே காலை அகட்டிவிடும். ஹரிணாக்ஷி துணியும் பினாயிலுமாக ஓடுவாள். காலையில் இப்படி, மத்தியானம் இப்படி, விளக்கு வைக்கிற நேரத்திலும் இப்படி.

"உனக்கு என்ன ராஜ வீதியா போட்டுத் தரணும்? நேரா போடீ" என்று கத்துவாள். நாய் அவள் குரல் வந்த பக்கம் வாலை ஆட்டும். அதைப் பார்த்தால் இன்னும் எரிச்சலாக வரும். திட்டுவதைக்கூடச் சரியாக வாங்கிக்கொள்ளத் தெரியாத பிராணி.

அதைக் கொண்டுவந்து விட்டவள் லவீனா. தெருநாய்களைக் காப்பாற்றும் குழு ஒன்றை நடத்துகிறவள், யார் தலையில் எதைக் கட்டலாம் என்று நன்றாகத் தெரிந்தவள். யாராவது எடுத்து வளர்க்கும்வரை வீட்டில் வைத்துப் பழக்கித் தந்தால் போதும், ஒரு மாசம்தான் என்றாள். ஹரிணாக்ஷியின் கணவன் தினகரன் குவைத்தில். வீடோ புதிதாக வாடகைக்கு எடுத்த பழைய ஓட்டு வீடு. துணைக்கு ஒரு ஜீவன் இருக்கட்டுமே என்று இவளும் தலையாட்டிவிட்டாள். பொள்ளி என்று பெயர் வைத்ததும் இவள்தான். துளுவில் வெள்ளி என்று அர்த்தம். அழுக்கெல்லாம் போகக் குளிப்பாட்டிய அன்று நாய் அப்படித்தான் இருந்தது.

நாயோடு சட்டதிட்டங்களும் வந்தன. எந்தச் சாமானையும் இடம் மாற்றக்கூடாது, நாய் வீட்டை மனசுக்குள் வரைந்து வைத்திருக்கும். வாசற்படிகளில் வெனிலா எசென்ஸ் தடவவேண்டும், மூக்கு வழிகாட்டும். வளர்ப்பவள் காலில் ஒரு மணி கட்டிக்கொள்ளவேண்டும், காது வழிகாட்டும். சந்தையில் கன்றுக்குட்டிக்கு வாங்குகிற பித்தளை மணி ஒன்றை வாங்கிக் கணுக்காலில் நூலால் முடிந்துகொண்டாள். வீடு முழுக்க பேக்கரி வாசனை. நடந்தால் கிணுகிணு. தினகரன் வீடியோவில் பார்த்துவிட்டு, "யக்ஷகான ஆட்டத்துல சேர்ந்துட்டியா, சொல்லவே இல்ல?" என்றான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. உடுப்பியிலிருந்து காமத் தம்பதி வருகிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வயதானவர்கள். குனிந்து நிமிர்ந்து தரை துடைக்க அவர்களால் ஆகாது, நாய் தானாக வெளியே போய்வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் பொள்ளி பழையபடி ஊருக்கு வெளியே இருக்கும் தகரக் கொட்டகைக்குத்தான் போகவேண்டும். அங்கே கண்ணுள்ள நாய்கள் இதன் இடது காதில் பாதியைத் தின்றிருந்தன. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போதெல்லாம் அந்தப் பாதிக் காது ஹரிணாக்ஷியின் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகப் படும். இதை அங்கே திருப்பி அனுப்ப அவளால் முடியாது. அதைச் சொல்லித் தொலைக்கத் தெரியாமல்தான் கத்திக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாய் மறுபடி அரிசி டப்பாவை நனைத்தது. அவள் லவீனாவை அழைத்தாள்.

"ஜன்னல்கிட்ட என்னதான் இருக்கு அதுக்கு? நானே அங்க உக்காந்து பாத்துட்டேன். ஒரு மண்ணும் இல்ல."

"பழைய நாற்காலி வாசனை தரையில ஊறியிருக்கும் மகராசி. நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்."

"பினாயில் ஊத்தி ஊத்தி எனக்கே மூக்கு போச்சு. அதுக்கு மட்டும் நாற்காலி வாசனை தெரியுதா?"

"சரி, கோவிச்சுக்காத. எந்த இடத்துக்குப் பயப்படுதோ அங்கயே சாப்பாடு வை. ருசி கண்டா பயம் போயிடும். கிண்ணம் வேணாம், சத்தம் போடும். இலையில வை. நீ வெளியில வந்து கதவ சாத்திக்க, இல்லன்னா உன் மணி பின்னாடியேதான் வரும். கூப்பிடு, ஆசையா கூப்பிடு. நீ கூப்பிடற லட்சணத்துக்கு நானே வரமாட்டேன்."

நாய்க்கென்று வேகவைத்த ஈரல் தீர்ந்திருந்தது. தனக்கென்று வைத்த கோழிச் சாறுதான் இருந்தது, தேங்காய் அரைத்து ஊற்றியது, கூட நீர்தோசையும். ஒருநாள் காரம் தின்றால் செத்துவிடாது என்று நினைத்துக்கொண்டாள். கொல்லையில் ஒரு வாழையிலையை அறுத்துவந்தபோது மின்சாரம் போயிற்று. வானம் இருட்டிக்கொண்டு வந்திருந்ததால் அறைக்குள் சாம்பல் வெளிச்சம்தான். நாலு வட்டங்களுக்கு நடுவே இலையை விரித்து, நீர்தோசையை மடித்து வைத்து, மேலே கோழியையும் சாறையும் ஊற்றினாள். பொள்ளியைப் பிடித்து அறை நடுவில் நிறுத்திவிட்டு, மணி கிணுகிணுக்க விடுவிடுவென்று கூடத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வா, வந்து சாப்பிடு" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழைத்தாள். பின்னர் கொஞ்சம் குரலைக் கனிவாக்கிக்கொண்டு, "உனக்குத்தான் வச்சிருக்கேன். பயப்படாம வா. வயிறு நெறைய சாப்பிடு" என்றாள்.

மழை ஓட்டின்மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. தாழ்வாரத்து வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. கதவின் மரத்தில் பட்டிருந்த வெனிலா வாசனையை மீறி, உள்ளேயிருந்து கோழிச் சாறின் வாசனை அடியிடுக்கு வழியாக வந்து அவள் பாதத்தைத் தொட்டது. அப்போது உள்ளே சத்தம் கேட்டது. இலை லேசாகச் சரசரத்தது. பிறகு மெல்லும் சத்தம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் முரண்டுபிடித்த நாய் கடைசியில் வழிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பயமில்லை. சின்ன எலும்பு ஒன்று கடிபடும் சத்தத்தைக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். பொள்ளி எப்போதும் விழுங்குகிற நாய். இன்று நிதானமாக மெல்லுகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கதவில் காதை வைத்து இப்படி நின்றது இது முதல் தடவை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அம்மா வீட்டில் ஆட்டி மாதத்தில் நின்றிருக்கிறாள். உள்ளறையில் இலை போட்டு, கோழியும் தோசையும் வைத்து, செத்துப்போனவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை யாரும் பேசக்கூடாது. லவீனா சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு இது தெரிந்திருக்காது. தனக்குத் தெரியும். தெரிந்தும், அதே மாதத்தில், அதே கோழியும் தோசையும், அதே மாதிரி சாத்திய கதவு. அம்மா பெயர் சொல்லி அழைப்பாள். இவள் யார் பெயரையும் சொல்லவில்லை. வா என்றுதான் சொன்னாள்.

சீ, நாய் தின்கிறது. வேறென்ன.

உள்ளே மெல்லும் சத்தம் தொடர்ந்தது.

அவள் கெண்டைக்காலில் ஈரமாக ஏதோ பட்டது.

குனிந்து பார்த்தாள். பொள்ளி. கூடத்தில். அவள் காலடியில். மணிக்குப் பின்னாலேயே வெளியே வந்திருக்கிறது. கதவைச் சாத்தும் முன்பே. அவள் பார்க்கவில்லை.

உள்ளே எலும்பு கடிபட்டது.

பொள்ளியின் பாதிக் காது கதவுப் பக்கம் திரும்பியது. அது குரைக்கவில்லை. அவள் இரண்டு கால்களுக்கும் நடுவில் புகுந்துகொண்டது. நடுங்கியது. அவளும் நடுங்கினாள். மணி கிணுகிணுத்தது. கையை நீட்டி மணியைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. உள்ளேயும் நின்றது.

மின்சாரம் வரும்வரை அவள் கதவைத் திறக்கவில்லை. விளக்கு எரிந்ததும் ஒரு விரலால் தள்ளினாள். பின்கட்டுக் கதவு உள்தாழிட்டபடி இருந்தது. அறையில் யாரும் இல்லை.

இலை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

சாப்பிட்டு எழுந்தவர்கள் மடிப்பதுபோல, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. உள்ளே துடைத்தாற்போல் இருந்தது. எலும்புகள் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தன.

அன்றைக்கே லவீனாவை அழைத்து நாயைக் கூட்டிக்கொண்டு போ என்றாள். "ரெண்டே நாள் பல்லைக் கடிச்சுக்கோயேன், இப்ப எடுத்தா கொட்டகைதான்" என்றாள் லவீனா. ஹரிணாக்ஷி பாதிக் காதைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, நாயை மடியில் வைத்துக்கொண்டு கூடத்திலேயே கிடந்தாள்.

மறுநாள் காலையில் பொள்ளி ஜன்னல் அறைக்குள் போனது. சுவரோரமாக நடந்தது. ஜன்னலடி வந்தது. நாலு வட்டங்களுக்கு நடுவே, நேராக, நிற்காமல் நடந்துபோய்ப் பின்கட்டுக் கதவை முட்டியது. மத்தியானமும் அப்படியே. ஹரிணாக்ஷிக்கு மூச்சு வந்தது. பசித்த எதுவோ சாப்பிட்டது, போய்விட்டது. அம்மா வீட்டிலும் அப்படித்தானே, வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். கதவைத் திறந்ததும் அம்மா வாசல்வரை தண்ணீர் தெளித்து வழியனுப்புவாள் என்பது நினைவுக்கு வந்தபோது, அந்த நினைவைத் தள்ளிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். வாரம் முழுக்க அந்த நாய் படுத்திய பாட்டில் அவளுக்கு வேறு எதையும் நினைக்கத் தெம்பில்லை. கோழிச் சாறின் வாசனை மட்டும் போகவில்லை. பாத்திரத்தை இரண்டு தடவை தேய்த்தாள். சமையலறையிலும் அடித்தது, துவைக்கிற கல்லிலும் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காமத் தம்பதி வந்தார்கள், லவீனாவும் கூடவே. வசுதா காமத் தரையில் உட்கார்ந்து கைதட்ட, பொள்ளி கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போய், வேலையை முடித்துவிட்டு, நேராகத் திரும்பி வந்தது. லவீனா ஹரிணாக்ஷியின் தோளைத் தட்டி, "இதுக்குத்தானே இவ்ளோ அழுத?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஹரிணாக்ஷியும் சிரித்தாள்.

கிளம்பும் நேரம். காமத் வாசலில் குடை விரித்து நின்றார். லவீனா வண்டிக் கதவைத் திறந்தாள். ஹரிணாக்ஷி வெளியே பார்த்தபடி நிலைப்படியில் நின்றாள். பொள்ளி அவளுக்குப் பின்னால், ஜன்னல் அறையில் இருந்தது.

"ஒருதரம் கூப்பிடுங்க, கடைசியா உங்ககிட்ட வந்துட்டு வரட்டும். பாவம், உங்கள விட்டா அதுக்கு யாரத் தெரியும்" என்றாள் வசுதா.

ஹரிணாக்ஷி காலை ஆட்டினாள். கிணுகிணு.

நகச் சத்தம் பின்னாலிருந்து வந்தது. வேகமாக, ஆசையாக, இழுபடும் காலோடு. அவள் முதுகுக்கு நெருங்கி வந்தது.

நின்றது.

அவள் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். பொள்ளி தலையைத் தாழ்த்தியிருந்தது. வால் ஆடவில்லை. அரைவட்டமாக விலகியது. ஒரு ஆள் அகலத்துக்கு. அவள் முதுகுக்கும் தனக்கும் நடுவே இருந்ததைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக வந்து, நிலைப்படியில் அவள் முன்னால் நின்று, அவள் கால்விரலை நக்கியது.

"மரியாதையப் பாருங்களேன்" என்றாள் வசுதா. "உங்களச் சுத்தி வந்து கும்புடுது."

ஹரிணாக்ஷி வாயைத் திறந்தாள். போகாதே, விட்டுவிட்டுப் போகாதீர்கள், என் பின்னால் வருவது எங்கே நிற்கிறது என்று இந்த நாய்க்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் என்ன ஆகும்? கோளாறு பிடித்த நாய் என்பார்கள். கொட்டகை. அவள் குனியாமல் கையை மட்டும் தாழ்த்திப் பாதிக் காதைத் தடவினாள்.

"நல்லா பாத்துக்குங்க" என்றாள். "சொட்டு மருந்து விடும்போது கண்ண மூடிக்கும். கொஞ்சம் பொறுமையா இருக்கணும்."

வண்டி சந்து திரும்பியது. மழை வலுத்தது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தாள். மணி ஒலித்தது. கோழிச் சாறின் வாசனையும் ஒரு அடி முன்னால் வந்தது.

மணி. அதற்குத்தான் வருகிறது.

கழற்றவேண்டும். ஈரத்தில் நூல் இறுகிப்போயிருந்தது. முடிச்சைத் தேடி அவள் மெதுவாகக் குனிந்தாள்.

கழுத்துக்குப் பின்னால், அந்த வாசனையும் குனிந்தது.