வேம்பார் கரையில் கிடைத்த கொடித்துணி

வெங்கடம்மாள் திருச்சுழியில் வந்து இறங்கியபோது முகமெல்லாம் கரிப்புகை. யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? பஸ்களெல்லாம் கரியடுப்பைச் சுமந்துகொண்டுதான் ஓடின. முகத்தைக்கூடத் துடைக்காமல் நேரே சங்கரலிங்கத்தின் வீட்டுக்கு வந்தாள். தூத்துக்குடி சுங்க இலாகாவில் கள்ளத்தோணி பிடித்தே தலை நரைத்து ஓய்வுபெற்றவர் அவர்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரைத் துரோகின்னு பிடிச்சு வச்சிருக்காக. சாயங்கால பஸ்ஸுல மதுரைக்குக் கொண்டுபோறாகளாம். போனா தூக்குதான்னு தெருவே பேசுது!"

பக்கத்தில் இருந்த பொன்னுச்சாமி துள்ளி எழுந்தார். சோடாக்கடைக்காரர், சங்கரலிங்கத்தின் பால்ய சிநேகிதர். ஊர் முழுக்கச் சிநேகிதரையே புகழ்வதில் அவருக்கு உள்ளூர ஒரு புகைச்சல் உண்டு. இந்தத் தடவையாவது தாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று பார்த்தார்.

"யாரு தாயி, கொடித்துணி நெய்யிற திம்மையா பொண்டாட்டியா நீ?"

அவள்தான். கடலோரக் காவலுக்காக ராணுவம் ஒரு கோடுபோட்ட துணியை அருப்புக்கோட்டையில் திம்மையாவின் தறியில் மட்டும் நெய்ய வைத்திருந்தது. அந்தக் கொடி பறந்தால் நம் தோணி, பறக்காவிட்டால் சுடலாம். கோடுகளின் வரிசை பரம ரகசியம். அந்தத் துணியில் ஒரு துண்டு வேம்பார் கரையில், கவிழ்த்துப் போட்ட தோணிக்கு அடியில் கிடைத்துவிட்டது. ஜப்பான்காரனுக்கு விற்கப் போனது என்பது போலீசின் வாதம்.

"தொடங்குனப்பவே மனசு சரியில்லைய்யா. தறியில புதுசா நூல் ஏத்துன பாவுல முதல் சாண் நெய்ஞ்சதும் ஓரத்துல மஞ்சள் வைக்கிறது எங்க வழக்கம். கறை படக்கூடாதுன்னு மிலிட்டரிக்காரர் தடுத்துட்டாரு. எங்க குலதெய்வம் சௌடேஸ்வரி அம்மனுக்கே பொறுக்கலை போல."

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் இவர்கள் நுழைந்தபோது வாசலுக்கு வாசல் ஆட்கள். பரிதாபப்பட வந்தவர்கள் என்றா நினைக்கிறீர்கள்? நூல் தட்டுப்பாட்டால் மாதக்கணக்காகத் தெருவே பட்டினி கிடக்க, ஒருவன் தறி மட்டும் ஓடினால் யாருக்குத்தான் வயிறு எரியாது! "ரொம்பத்தான் ஆடுனான்" என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள்.

திம்மையா தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் அண்ணன் சௌடையா தூணில் சாய்ந்து நின்று, "என் தம்பி தப்பு செய்ய மாட்டான். ஆனா ஆசை யாரை விட்டுச்சு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கோட்டைச்சாமி துணியை நீட்டினார். "நெய்ஞ்ச துணியில அளவு குறையலை. கொடுத்த நூல்ல மிச்சம் இருக்கணும், அதைக் காணோம். எங்கேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். ஓரத்துல பாருங்க, ரத்தக்கறை. கடத்துனவனுக சண்டை போட்டிருக்கானுக."

மூலையில் செம்பழுப்பாக ஒரு கறை இருந்தது. சங்கரலிங்கம் துணியை உதறினார். வெள்ளையாகத் தூள் பறந்தது. விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார்.

"தெருவுல எல்லாத் தறியையும் ஒருக்காப் பார்த்துட்டு வாரோம்" என்றார்.

பொன்னுச்சாமி வீடு வீடாக முந்திக்கொண்டு ஓடினார். எந்தத் தறியிலும் பாவு இல்லை. திரும்பும்போது அவர் தலையெல்லாம் ஒட்டடை. "ஒரு வீடு பாக்கியில்லப்பா, அத்தனை தறியிலயும் சிலந்தி. சௌடையா வீட்டுலதான் தலை தப்பிச்சது" என்று முணுமுணுத்தார்.

சங்கரலிங்கம் சிரித்தார். "வெயிலுக்குன்னு மடியில எலுமிச்சம்பழம் கட்டிட்டு வந்தியே, அதை எடு."

எல்லோரும் பார்க்க, கறைமேல் பழத்தைப் பிழிந்தார். செம்பழுப்பு மெல்ல மாறி, பளிச்சென்று மஞ்சளானது. வெங்கடம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரத்தம் இல்லை. மஞ்சள். வண்ணார் வெளுக்கப் போடுற உவர்மண் பட்டா மஞ்சள் சிவக்கும், புளிப்பு பட்டாத் திரும்பும்" என்றார் சங்கரலிங்கம். "இந்தத் துணி கடல்தண்ணியில நனையவே இல்லை. கடலுப்பு ஏறுன துணி காஞ்சாலும் பிசுபிசுக்கும். இது தூளாப் பறக்குது, நாக்குல வச்சா உப்புக் கரிக்கலை. அந்த உவர்மண் கரைச்ச தண்ணியில முக்கிக் கடலுப்பு மாதிரி ஆக்கியிருக்காக. கடலோட பழக்கமில்லாத கரிசக்காட்டு ஆளு செய்யிற வேலை."

"அதனால?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"திம்மையா பாவுல மஞ்சள் வைக்க விடலை. அப்ப இது வேற ஒரு தறியில, புதுசாத் தொடங்குன பாவு. நூலே இல்லாத தெருவுல நூல் யாருக்குக் கிடைச்சது? கோடுகளைப் பக்கத்துல இருந்து பார்க்க யாரால முடியும்? ஓடாத தறியெல்லாம் ஒட்டடை பிடிச்சிருக்க, எந்தத் தறி மட்டும் சுத்தமா இருக்கு?"

பொன்னுச்சாமி தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அட, துப்பு தம் தலையிலேயே இருந்ததே!

"திம்மையா, மிச்ச நூலை உங்க அண்ணனுக்குத்தானே கொடுத்தீக? சர்க்கார் நூலைக் கொடுத்தது குத்தம், சொன்னா அவரும் மாட்டுவாருன்னுதானே தூக்குக்கே போகத் துணிஞ்சீக?"

திம்மையா நிமிரவில்லை. அழுதான்.

சௌடையா தூணை விட்டு நகர்ந்தார். "ஆமா, நாந்தான். உப்பு வண்டியில வேம்பார் போயி ஒளிச்சு வச்சேன். போலீசுக்குத் துப்புச் சொன்னதும் நாந்தான். இவனுக்குத் தறியில நாடா தள்ளச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் வாசலைத் தாண்டி மிலிட்டரி ஜீப்பு இவன் வாசல்ல போயி நிக்குது. அதைக்கூடப் பொறுத்தேன். மிச்ச நூலைக் கொண்டாந்து, 'வச்சுக்கண்ணே, சும்மா இருக்காதே'ன்னான் பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியலை."

"கேடு செய்ய நெய்ஞ்ச துணிக்கு எதுக்கய்யா மஞ்சள்?" என்று கத்தினார் பொன்னுச்சாமி.

"மஞ்சள் வைக்காம எப்படிப் பாவு தொடங்குறது?" என்றார் சௌடையா. அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, ரகசியம் கடல் தாண்டலை."

"தாண்டுனதாவே வச்சு, கொடிக் கோடுகளோட வரிசையை இன்னைக்கே மாத்தச் சொல்லுங்க" என்றார் சங்கரலிங்கம். "இவ்வளவு நீளக் கரைக்குக் கப்பல் போதாது, ஒரு முழத் துணிதான் காவல். அதையும் பசிச்ச தெருவுல ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுத்தீக. கடல்ல வர்ற பகையைப் பார்த்த சர்க்கார் அடுத்த வாசல்ல புகையிறதைப் பார்க்கலையே."

பஸ் ஊதியது. இரண்டு போலீஸ்காரர்கள் சௌடையாவின் கையைப் பிடித்தார்கள். வாசல்படியில் அவர் நின்று, இன்ஸ்பெக்டர் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். என் துணி, தம்பி துணி ரெண்டையும் வச்சுப் பார்த்தீகளே, எவன் நெசவு மேல்?"

இன்ஸ்பெக்டர் துணியைப் புரட்டிப் பார்த்தார். பதில் திம்மையாவிடமிருந்து வந்தது.

"ஒன்னுதுதாண்ணே. பார்த்தவுடனே ஒன் கை வேலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சௌடையா தம்பியின் பக்கம் திரும்பினார். "இந்தப் பேரையும் நீதான் எனக்குக் கொடுக்கணுமாடா?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.